சிராஜ் போனாரா, அனுப்பப்பட்டாரா? ஐபிஎல் வீரர் மாற்றங்களில் உண்மையில் முடிவெடுப்பது யார்?

டிசம்பர் 16-ம் தேதி அபுதாபியில் நடந்த ஐபிஎல் மினி ஏலத்தில் வெங்கடேஷ் ஐயரை ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு அணி 7 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஓராண்டுக்கு முன் இதே வீரருக்கு கொல்கத்தா கொடுத்த விலை 23.75 கோடி. அதே நாளில், ஆர்சிபி வேண்டாம் என்று விடுவித்த லியாம் லிவிங்ஸ்டனை ஹைதராபாத் 13 கோடிக்கு எடுத்தது. ஆர்சிபியில் அவரது சம்பளம் 8.75 கோடிதான்.

ஏலம் முடிந்த கையோடு பெங்களூரு ரசிகர்களின் பேச்சும் சூடுபிடித்தது. "லிவிங்ஸ்டனை விட்டது சரிதானா?", "வெங்கடேஷ் எந்த இடத்துல ஆடுவாரு?", "இன்னும் டிரேடுக்கு டைம் இருக்கே, யாராவது வருவாங்களா?" என்று கேள்விகள் ஓயவில்லை. அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் அண்ணன் ஆர்சிபி, தம்பி சிஎஸ்கே என்று பிரிந்து கிடக்கும் தமிழ் வீடுகளில் இந்த வருஷம் ரெண்டு பக்கமும் சண்டை போட விஷயம் இருக்கிறது. ஏனென்றால் ரவீந்திர ஜடேஜாவே சென்னையை விட்டுப் போய்விட்டார்.

இப்படிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் ஒரு வார்த்தை 'விசுவாசம்'. போனவர் பணத்துக்காகப் போனார், இருந்தவர் விசுவாசமாக இருந்தார் என்பதுதான் பொதுவான கணக்கு. ஆனால் ஐபிஎல் விதிகளைப் புரட்டினால் வேறு படம் தெரிகிறது. ஒரு வீரர் எங்கே ஆடுவார் என்பதில் மிகக் குறைந்த அதிகாரம் உள்ளவர் பெரும்பாலும் அந்த வீரர்தான். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு வீரர் அணி மாறுவது எப்படி?

ஐபிஎல்லில் அணி மாற மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, விடுவிப்பும் ஏலமும். ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று அணிகள் பட்டியல் கொடுக்க வேண்டும். இந்த முறை அதற்கான கடைசி நாள் நவம்பர் 15. விடப்பட்டவர் ஏலத்துக்கு வருவார், அதிக விலை கேட்கும் அணிக்குப் போவார். எந்த அணி, எந்த ஊர் என்பதை அவர் தேர்ந்தெடுக்க முடியாது.

இரண்டாவது, ஆர்டிஎம் எனப்படும் 'ரைட் டு மேட்ச்'. மெகா ஏலத்தில் பழைய அணி கடைசி விலைக்கு ஈடு கொடுத்து தன் வீரரைத் திரும்ப எடுக்கலாம். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்தில் இதில் ஒரு திருப்பத்தைச் சேர்த்தார்கள். பழைய அணி அட்டையைத் தூக்கினால், ஏலம் கேட்ட அணி இன்னொரு முறை விலையை உயர்த்தலாம். அந்த உயர்த்திய விலைக்கும் பழைய அணி சம்மதித்தால்தான் வீரர் கிடைப்பார். அர்ஷ்தீப் சிங் விஷயத்தில் 15.75 கோடியில் நின்ற விலையை ஹைதராபாத் 18 கோடிக்குத் தூக்கியது. பஞ்சாப் வேறு வழியில்லாமல் அதைக் கொடுத்தது.

மூன்றாவது, டிரேடு. இரண்டு அணிகள் நேரடியாகப் பேசி வீரரை மாற்றிக்கொள்வது. பணம் கொடுத்து வாங்கலாம், வீரருக்கு வீரர் மாற்றலாம், இரண்டையும் கலந்தும் செய்யலாம். சீசன் முடிந்த ஏழு நாளில் இந்த ஜன்னல் திறக்கும், ஏலத்துக்கு ஏழு நாள் முன்பு மூடும். ஏலம் முடிந்ததும் மறுபடி திறந்து, அடுத்த சீசனுக்கு ஒரு மாதம் முன்பு வரை இருக்கும். ஆனால் இப்போதுதான் ஏலத்தில் வாங்கப்பட்டவரை உடனே டிரேடு செய்ய முடியாது. ஆகவே வெங்கடேஷ் ஐயர் இந்த சீசனில் வேறு அணிக்குப் போகிறார் என்று யாராவது சொன்னால், தாராளமாகக் கடந்து போகலாம்.

டிரேடு புதுசா?

இல்லை. முதல் டிரேடுகளில் ஒன்றே பெங்களூரு சம்பந்தப்பட்டதுதான். 2009-ல் மும்பை இந்தியன்ஸில் இருந்த கர்நாடக வீரர் ராபின் உத்தப்பா பெங்களூருவுக்கு வந்தார், பெங்களூருவில் இருந்த ஜாகீர் கான் மும்பைக்குப் போனார்.

சமீபத்தில் பெங்களூருவை அதிகம் பேசவைத்த டிரேடு கேமரூன் கிரீன். 2023 நவம்பரில் மும்பையிடமிருந்து 17.50 கோடி சம்பளத்தில் ஆர்சிபி அவரை வாங்கியது. வீரருக்கு வீரர் அல்ல, முழுக்கப் பணம். அதே நேரத்தில் மும்பை குஜராத்திடமிருந்து ஹர்திக் பாண்டியாவை எடுத்தது. கிரீன் போனதால் மும்பையின் சம்பளக் கணக்கில் விழுந்த இடம் ஹர்திக்குக்குப் பயன்பட்டது. கிரீன் பெங்களூருவுக்கு ஒரே சீசன்தான் ஆடினார். முதுகு அறுவை சிகிச்சையால் 2025 சீசனுக்கு அவர் வர முடியாத நிலை, ஆர்சிபி விட்டுவிட்டது. இந்த டிசம்பரில் கொல்கத்தா அவரை 25.20 கோடிக்கு எடுத்தது.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்த 25.20 கோடியில் கிரீன் கைக்குப் போவது 18 கோடிதான். மினி ஏலத்தில் வெளிநாட்டு வீரர்களின் சம்பளத்துக்கு இப்போது உச்சவரம்பு இருக்கிறது. மிச்சப் பணம் வீரர் நலனுக்கென்று பிசிசிஐ கணக்குக்குப் போகும். விலை என்பது வேறு, சம்பளம் என்பது வேறு.

வீரர் சம்மதம் இல்லாமல் டிரேடு செய்ய முடியுமா?

முடியாது. விதிப்படி வீரரின் ஒப்புதல் வேண்டும். ஆனால் இதன் மறுபக்கம்தான் முக்கியம். வீரர் போக ஆசைப்பட்டாலும், அவரை வைத்திருக்கும் அணி 'சரி' சொல்லாமல் நகர முடியாது. ஒப்பந்தம் நடக்கும்போது வீரரே இன்னொரு அணியிடம் போய்ப் பேசவும் கூடாது.

பேசினால் என்ன ஆகும்? ஜடேஜாவைக் கேட்க வேண்டும். ராஜஸ்தான் ராயல்ஸ் வீரராக இருந்தபோது வேறு அணியிடம் நேரடியாகப் பேரம் பேசினார் என்பதற்காக 2010 சீசன் முழுவதும் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அதே ஜடேஜாவை 15 ஆண்டு கழித்து, 2025 நவம்பர் 15-ல், சென்னை அணி அதே ராஜஸ்தானுக்கு டிரேடு செய்தது. சஞ்சு சாம்சன் 18 கோடி சம்பளத்துடன் சென்னைக்கு வந்தார். ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். 18 கோடியாக இருந்த ஜடேஜாவின் சம்பளம் 14 கோடியாகக் குறைந்தது.

2023 இறுதிப் போட்டியின் கடைசி ரெண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர். "அவரையே கொடுத்துட்டாங்களே" என்று சேப்பாக்கம் ரசிகர்கள் நொந்துபோனதில் ஆச்சரியமில்லை. 'பணத்துக்காகப் போனார்' என்று யாரும் சொல்ல முடியாத டிரேடு இது. அவர் போனது குறைந்த சம்பளத்துக்கு.

வீரர் பின்வாங்கினாலும் தண்டனை உண்டு. டெல்லி 6.25 கோடிக்கு வாங்கிய இங்கிலாந்தின் ஹாரி புரூக் 2025 சீசனுக்கு வரவில்லை என்றதும் அவருக்கு இரண்டு ஆண்டு தடை விழுந்தது. அணி ஒரு வீரரை இரண்டு ஆண்டு முன்னதாகவே விட்டுவிட்டால் அந்த அணிக்கு என்ன தண்டனை? எதுவும் இல்லை.

சிராஜ் விவகாரத்தில் நடந்தது என்ன?

இப்போது பெங்களூரு ரசிகர்களின் பெரிய காயத்துக்கு வருவோம். முகமது சிராஜ் 2018 முதல் 2024 வரை ஏழு சீசன் ஆர்சிபிக்கு ஆடினார். அடி வாங்கிய நாட்களிலும் கூடவே நின்ற ரசிகர்கள் அவருக்கு உண்டு.

2024 அக்டோபர் 31-ல் ஆர்சிபி தக்கவைத்தது மூன்றே பேரை. விராட் கோலி 21 கோடி, ரஜத் பட்டிதார் 11 கோடி, யஷ் தயாள் 5 கோடி. மொத்தம் 37 கோடி. 120 கோடியில் கையில் மிச்சம் 83 கோடி, கூடவே மூன்று ஆர்டிஎம் அட்டைகள். "மூணு கார்டு இருக்கு, ஒண்ணு சிராஜுக்குத்தான்" என்று ரசிகர்கள் நம்பினார்கள்.

ஏலத்தில் குஜராத் 12.25 கோடி வரை போனது. ஆர்டிஎம் வேண்டுமா என்று கேட்டபோது ஆர்சிபி மேசை வேண்டாம் என்றது. அடுத்த நாள் வில் ஜாக்ஸை மும்பை 5.25 கோடிக்கு எடுத்தபோதும் அட்டையைப் பயன்படுத்தவில்லை. மும்பை உரிமையாளர் ஆகாஷ் அம்பானி எழுந்து வந்து ஆர்சிபி மேசைக்குக் கை கொடுத்த காட்சி ரசிகர்களை இன்னும் எரிச்சலாக்கியது. மூன்று அட்டைகளில் ஆர்சிபி பயன்படுத்தியது ஒன்றே ஒன்று, அதுவும் 50 லட்சம் ரூபாய்க்கு ஸ்வப்னில் சிங்குக்காக.

அணியின் கணக்கு என்னவாக இருந்திருக்கும்? வாங்கியவர்களைப் பார்த்தால் புரியும். ஜோஷ் ஹேசல்வுட் 12.50 கோடி, புவனேஷ்வர் குமார் 10.75 கோடி. பில் சால்ட் 11.50, ஜிதேஷ் சர்மா 11. ஒரே ஆளுக்கு 20 கோடிக்கு மேல் கொட்டுவதற்குப் பதிலாக 10 முதல் 13 கோடிக்குள் பல இடங்களை நிரப்பியிருக்கிறார்கள். கீழே க்ருணால் பாண்டியா 5.75 கோடி, டிம் டேவிட் வெறும் 3 கோடி. சிராஜுக்கு அட்டையைத் தூக்கியிருந்தால், குஜராத் 12.25 கோடியை இன்னும் ஏற்றிவிட்டிருக்க முடியும். அந்த விதியே அதற்குத்தான்.

முடிவு இரண்டு பக்கமும் பேசுகிறது. 2025 ஏப்ரல் 2-ம் தேதி குஜராத் ஜெர்சியில் சின்னசாமி மைதானத்துக்கு வந்த சிராஜ் 19 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார், ஆர்சிபி தோற்றது. "பாத்தீங்களா, விட்டீங்களே!" என்று அன்று இரவு முழுக்க ரசிகர்கள் புலம்பினார்கள். ஆனால் சீசன் முடிந்தபோது ஹேசல்வுட் 22 விக்கெட், புவனேஷ்வர், க்ருணால் தலா 17 விக்கெட். வெளியூரில் ஆடிய ஏழு லீக் ஆட்டங்களையும் ஆர்சிபி வென்றது. ஜூன் 3-ம் தேதி அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வீழ்த்தி 18-வது சீசனில் முதல் கோப்பையைத் தூக்கியது. இறுதிப் போட்டியின் ஆட்டநாயகன் 5.75 கோடி க்ருணால்.

அப்படியானால் அணி செய்தது சரி, ரசிகர் கோபம் தப்பு என்று முடித்துவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. கிரிக்கெட் கணக்கில் சரி. ஆனால் சிராஜ் 'போனார்' என்று சொல்வது தப்பு. அவரைத் தக்கவைக்காததும், அட்டையைத் தூக்காததும் அணி. அவர் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்தது குஜராத்தின் பணம். இந்தக் கதையில் சிராஜ் எடுத்த முடிவு என்று ஒன்றுமே இல்லை.

இதே கதை யுஸ்வேந்திர சாஹலுக்கும் நடந்தது. எட்டு சீசன் ஆர்சிபிக்கு ஆடியவரை 2022 ஏலத்துக்கு முன் விட்டுவிட்டார்கள். தன்னிடம் யாரும் சரியாகப் பேசவில்லை என்று பின்னர் அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். ஆர்சிபி முதல் கோப்பையை வென்ற இரவில் அவர் எதிரணியான பஞ்சாபில் இருந்தார்.

'நம்ம ஊர் பையன்' எங்கே?

பெங்களூரு பேச்சில் இன்னொரு நீண்ட குறை உண்டு. கர்நாடக வீரர்கள் ஆர்சிபியில் இல்லை என்பதுதான் அது. இதற்கு அடையாளமாக நிற்பவர் கே.எல்.ராகுல். பெங்களூருவில் பிறந்து, மங்களூருவில் வளர்ந்தவர். 2013-ல் ஆர்சிபியில் தொடங்கி, ஹைதராபாத் போய், 2016-ல் டிரேடு மூலம் திரும்பி வந்தார். 2018-ல் பஞ்சாப், 2022-ல் லக்னோ. 2024-ல் லக்னோவை விட்டு வெளியே வந்ததும் "ராகுல் வீட்டுக்கு வர்றாரு" என்ற பேச்சு உச்சத்துக்குப் போனது. ஏலத்தின் தொடக்கத்தில் ஆர்சிபியும் கேட்டது, விலை ஏற ஏற விலகிக்கொண்டது. டெல்லி 14 கோடிக்கு எடுத்தது.

2025 ஏப்ரல் 10-ல் டெல்லிக்காக சின்னசாமியில் ஆட்டமிழக்காமல் 93 ரன் அடித்து ஜெயித்த ராகுல், பேட்டால் தரையில் வட்டம் போட்டு, நடுவில் ஊன்றி நின்றார். 'இது என் மைதானம்' என்பதுதான் அதன் பொருள். ஆர்சிபி ரசிகர்கள் பலர் அன்று தோல்வியைவிட அந்தக் காட்சியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அதே சீசனில் அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதா தொப்பியை வாங்கிய பிரசித் கிருஷ்ணாவும் கர்நாடகக்காரர்தான், குஜராத்துக்காக 25 விக்கெட். ஏலத்தில் யாரும் எடுக்காத மயங்க் அகர்வால், தேவ்தத் படிக்கல் காயம்பட்ட பிறகு மாற்றாக ஆர்சிபிக்கு வந்தார். நவம்பர் பட்டியலில் மயங்க்கும் மனோஜ் பாண்டகேவும் விடுவிக்கப்பட்டார்கள்.

இது அணியின் அலட்சியமா? ஒரு பகுதி ஆமாம் என்று சொல்லலாம். ஆனால் விதிகளும் உதவவில்லை. ஐபிஎல் தொடங்கிய காலத்தில் உள்ளூர்ப் பகுதி வீரர்களை அணியில் வைத்தாக வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. இப்போது அது இல்லை. சென்னைக்கும் இதே நிலைதான். தினேஷ் கார்த்திக் ஒருமுறைகூட சிஎஸ்கேவுக்கு ஆடவில்லை. ஆடி முடித்து ஆர்சிபியின் பேட்டிங் பயிற்சியாளராகி, கோப்பையையும் அங்கேதான் பார்த்தார். ஊர்ப்பெயர் அணியின் சட்டையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இல்லை.

வதந்தி எங்கிருந்து வருகிறது?

இரண்டு மாதம் ஆட்டம், பத்து மாதம் காத்திருப்பு. அந்தப் பத்து மாதத்தை நிரப்புவது பேச்சுதான்.

அக்டோபரில் கோலி ஒரு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ஒரு தகவல் கிளம்பியது. அது ரெண்டே நாளில் "கோலி ஆர்சிபியை விட்டுப் போகிறார்" என்று உருமாறியது. விளம்பரத்துக்கான ஒப்பந்தம் வேறு, ஆடுவதற்கான ஒப்பந்தம் வேறு என்று முன்னாள் வீரர்கள் விளக்க வேண்டியிருந்தது. நவம்பர் 15 பட்டியலில் கோலி பெயர் இருந்தது. 2008 முதல் ஒரே அணிக்கு ஆடும் அவரது கணக்கு அப்படியே தொடர்கிறது.

அதே சமயம் சஞ்சு சாம்சன் பற்றி மாதக்கணக்கில் ஓடிய பேச்சு உண்மையாகவே முடிந்தது. ஆக, வதந்தி எல்லாமே பொய் என்றும் சொல்ல முடியாது. வித்தியாசம் எங்கே? ஒரு டிரேடு நடக்க மூன்று கையெழுத்து வேண்டும். விற்கும் அணி, வாங்கும் அணி, வீரர். அதன் மேல் ஐபிஎல் நிர்வாகத்தின் ஒப்புதல். வாங்கும் அணியின் கையிருப்பில் அந்தச் சம்பளத்துக்கு இடமும் இருக்க வேண்டும். "இவரு வர்றாரு" என்று ஒரு செய்தி வந்தால், பதிலுக்கு யார் போகிறார், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ரெண்டுக்கும் பதில் இல்லாத செய்தி பெரும்பாலும் ஆசைதான்.

இன்னொன்று. டிரேடில் ஓர் அணி இன்னோர் அணிக்குக் கொடுக்கும் மாற்றுக் கட்டணம் வெளியில் சொல்லப்படுவதில்லை. அது ஏலக் கையிருப்பிலும் சேராது. அதில் ஒரு பங்கு ஒப்பந்தப்படி வீரருக்கும் போகலாம். இவ்வளவு பெரிய தொகை மறைவாக இருக்கும் இடத்தில் வதந்தி முளைக்காமல் என்ன செய்யும்?

அமெரிக்காவில் எப்படி?

ஆஃப் சீசன் பேச்சுக்கு உலகத்திலேயே பேர்போன இடம் அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல். பிப்ரவரியில் சீசன் முடிந்தால், மார்ச்சில் 'ஃப்ரீ ஏஜென்சி'. நான்கு சீசன் ஆடி, ஒப்பந்தமும் முடிந்த வீரர் சந்தைக்கு வருவார். அங்கேயும் ஓர் அணி ஒரு முக்கிய வீரரை ஓராண்டு பிடித்து வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, அங்கேயும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-ல் அது ஓர் அணிக்கு 27.92 கோடி டாலர்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். ஏலம் கிடையாது. சந்தைக்கு வந்த வீரர் எந்த ஊர், எந்தப் பயிற்சியாளர், எவ்வளவு ஆண்டு என்று தானே பேசி முடிவு செய்கிறார். டல்லாஸ் கவ்பாய்ஸின் நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸ் ஒப்பந்தப் பேச்சு இழுத்தடித்ததும், என்னை டிரேடு செய்யுங்கள் என்று 2025 ஆகஸ்டில் வெளிப்படையாகக் கேட்டார். மாத இறுதியில் கிரீன் பே அணிக்குப் போனார், நான்கு ஆண்டுக்கு 18.8 கோடி டாலர் ஒப்பந்தத்துடன். ஒரு ஐபிஎல் வீரர் இப்படி ஓர் அணியைப் பகிரங்கமாகக் கேட்டு, தன் சம்பளத்தையும் தானே பேசி வாங்குவதை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

அவர்களால் முடிவதற்குக் காரணம் தொழிற்சங்கம். வீரர்கள் நீதிமன்றம் வரை போய்ப் போராடி, 1993-ல்தான் இந்த ஃப்ரீ ஏஜென்சி உரிமை கிடைத்தது. லீக் வருமானத்தில் குறைந்தது 48 சதவீதம் வீரர்களுக்கு என்பது இப்போதைய ஒப்பந்தம்.

ஐபிஎல்லில் எவ்வளவு? ஒரு சின்னக் கணக்கு போடலாம். 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 9,678 கோடி. 2026 சீசனில் ஆட்டக் கட்டணம் உள்பட ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 151 கோடி. பத்து அணிக்கு 1,510 கோடி. ஒளிபரப்பு வருமானத்தோடு மட்டும் ஒப்பிட்டாலே ஏறக்குறைய 16 சதவீதம். ஸ்பான்சர், டிக்கெட் வருமானத்தையும் சேர்த்தால் இந்தப் பங்கு இன்னும் குறையும்.

ஐபிஎல் இரண்டு மாதப் போட்டி, வீரர்களுக்கு வேறு வருமானமும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஓய்வு பெறாத இந்திய ஆண் வீரர்கள் வெளிநாட்டு டி20 லீக்குகளில் ஆட பிசிசிஐ அனுமதிப்பதில்லை. அதாவது பேரம் பேச மாற்று இடம் இல்லை. இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் என்று 2019-ல் தொடங்கியது ஓய்வு பெற்றவர்களுக்கானது. இப்போது ஆடுபவர்களுக்காகப் பேச யாரும் இல்லை. பணத்தாசை பிடித்தவர்கள் என்று வீரர்களைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இந்த வருஷத்தின் பெரிய 'டிரேடு' எது?

வெங்கடேஷும் இல்லை, கிரீனும் இல்லை. நவம்பர் 5-ம் தேதி ஆர்சிபியின் உரிமையாளரான யுனைடெட் ஸ்பிரிட்ஸ் நிறுவனம் பங்குச்சந்தைக்கு ஒரு தகவல் அனுப்பியது. ஆர்சிபியில் தன் முதலீட்டை மறுபரிசீலனை செய்வதாகவும், அதை 2026 மார்ச் 31-க்குள் முடிக்க எண்ணியிருப்பதாகவும் அதில் சொல்லப்பட்டிருந்தது. எளிமையாகச் சொன்னால், அணியே கைமாறக்கூடும்.

ஓர் அணியை விலைக்கு வாங்குபவர் எதை வாங்குகிறார்? வீரர்களின் ஒப்பந்தம் 2027 வரை, அதன் பிறகு மெகா ஏலம் வந்தால் பாதிப் பேர் மாறிவிடுவார்கள். மைதானம் கர்நாடக கிரிக்கெட் சங்கத்தினுடையது. மாறாமல் மிஞ்சுவது பெயரும், "ஈ சலா கப் நம்தே" என்று கத்திய ரசிகர்களும்தான். சந்தையில் ஆர்சிபியின் மதிப்பு என்று பேசப்படுவதில் பெரும்பகுதி அந்த ரசிகர்களின் மதிப்பு.

அந்த ரசிகர்களுக்கு இந்த ஆண்டு நேர்ந்ததை மறந்துவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. கோப்பை வென்ற மறுநாள், ஜூன் 4-ம் தேதி, சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். 50 பேருக்கு மேல் காயம். அந்த மைதானம் பெருங்கூட்டத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்று விசாரணை ஆணையம் சொன்னது. மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்கள் பெங்களூருவிலிருந்து நவி மும்பைக்கு மாற்றப்பட்டன. டிசம்பரில் கர்நாடக கிரிக்கெட் சங்கத் தலைவராகத் தேர்வான வெங்கடேஷ் பிரசாத்தின் முன்னால் நிற்கும் முதல் வேலையே சின்னசாமிக்கு மறுபடி ஆட்டங்களைக் கொண்டுவருவதுதான்.

யார் வருகிறார், யார் போகிறார் என்ற பேச்சில் ரசிகருக்கு ஓட்டு இல்லை. ஆனால் மைதானத்தின் வாசல் எத்தனை, உள்ளே எத்தனை பேர், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்ற கேள்விகளில் ரசிகர் கேட்டுத்தான் ஆக வேண்டும். அது 12.25 கோடியா 12.50 கோடியா என்பதைவிட முக்கியம்.

அடுத்து கவனிக்க வேண்டியவை

ஏலத்துக்குப் பிந்தைய டிரேடு ஜன்னல் சீசனுக்கு ஒரு மாதம் முன்பு மூடும். அதற்குள் மாற்றம் நடந்தால், அது பழைய ஒப்பந்தத்தில் இருப்பவர்களிடையேதான் இருக்கும். ஆர்சிபி ஏலத்துக்குப் போனதே 16.40 கோடியோடு. அதில் 7 கோடி வெங்கடேஷுக்கும், 5.20 கோடி மங்கேஷ் யாதவுக்கும், 2 கோடி ஜேக்கப் டஃபிக்கும் போய்விட்டது. ஆகவே பெரிய பெயர் எதுவும் சும்மா வந்து சேர வழியில்லை. ஒருவர் வந்தால் ஒருவர் போக வேண்டும்.

மார்ச் 31-க்குள் உரிமையாளர் விஷயம் தெளிவாக வேண்டும். புதிய உரிமையாளர் வந்தால், பயிற்சியாளர் குழுவையும் ஏல உத்தியையும் அப்படியே விடுவாரா என்பது அடுத்த ஆஃப் சீசனின் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கடுத்து, 2025-ல் தொடங்கிய மூன்றாண்டுச் சுழற்சி 2027-ல் முடியும்போது, பட்டிதாரும் ஹேசல்வுட்டும் சால்ட்டும் ஒரே நேரத்தில் கேள்விக்குறியாவார்கள்.

அப்போது யாராவது ஒருவர் வேறு சட்டையில் சின்னசாமிக்கு வருவார். கூச்சல் போடுவதா கைதட்டுவதா என்று முடிவு செய்வதற்கு முன், தக்கவைப்புப் பட்டியலில் அவர் பெயரை எழுதாமல் விட்டது யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.